பெரட்டுக் களத்திலிருந்து சயாமுக்கு

(நாகப்பட்டினத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சுக்குக் கொடுத்த தலைப்பு 'போர், அதிகாரம், சுரண்டல்'. மூன்றும் கனமான சொற்கள். மூன்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முழங்கலாம். நீங்களும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு ரயில் பாதையைப் பற்றிப் பேசப் போகிறேன். நீளம் 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் பான் போங்கில் புறப்பட்டு, மூன்று பகோடா கணவாய் வழியாக மலையேறி இறங்கி, பர்மாவின் தான்பியூசயாட்டில் முடியும். 1942-ன் நடுவில் வேலையைத் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மலேசியத் தமிழர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்பார்கள்; சயாம் தாய்லாந்தின் பழைய பெயர். வயதானவர்கள் அதைக்கூடச் சொல்வதில்லை. 'சயாமுக்குப் போனவங்க' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். போனவர்கள் என்றால் திரும்பாதவர்கள் என்பது கேட்பவருக்குத் தெரியும்.

இதை நாகையில் வந்து பேசுவதற்குப் பொருத்தம் உண்டு. அந்தப் பாதையில் மண் சுமந்த தமிழர்களில் பலரும், இல்லாவிட்டால் அவர்களைப் பெற்றவர்களும், கப்பலேறியது இந்தத் துறைமுகத்தில்தான். ரஜூலா என்றால் இங்கே வயதானவர்களுக்கு இன்னும் முகம் மாறும். 1926-லிருந்து சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த கப்பல். அதன் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துப் போனவர்கள் இறங்கிய இடம் கித்தாக்காடு. கித்தா என்பது மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது, ரப்பர். அங்கே நம் ஆட்கள் ரப்பர் என்று சொல்வது அபூர்வம். பால் மரம் என்பார்கள், கித்தா என்பார்கள்.

சயாமுக்குப் போவதற்கு முன் அந்தத் தோட்டத்தின் ஒரு விடியற்காலையை உங்களுக்குக் காட்ட வேண்டும். அதைப் பார்க்காமல் சயாம் புரியாது.

இருட்டு விலகியிருக்காது. ஆபீசுக்கு முன்னால் வெட்டவெளி. அங்கே ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்பார்கள். இதற்குப் பெரட்டு என்று பெயர். பட்டாளத்தில் சொல்கிறோமே 'பரேடு', அதுதான் நம் வாயில் பெரட்டு ஆனது. பெயரே எங்கிருந்து வந்திருக்கிறது, பாருங்கள். கையில் உளி, தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் வாளி. ஆட்களை மேய்க்கும் தண்டல் பெயர் கூப்பிடுவார். கணக்கெழுதும் கிராணி ஒரு நீளமான பேரேட்டில் குறிப்பார். அந்தப் பேரேட்டுக்குச் செக்ரோல் என்று பெயர். பெயருக்கு நேரே கோடு விழுந்தால் இன்றைக்குக் கூலி உண்டு. விழாவிட்டால் வயிறு காயும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் விடிவதற்குள் ஆள் மரத்தடியில் இருக்க வேண்டும். ஒருவருக்கு முந்நூறு, நானூறு மரம். வெட்டி முடித்து, திரும்பி வந்து, மரத்தில் கட்டிய மங்கில் விழுந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குச் சுமந்து, நிறுத்துக் கொடுத்தால் ஒரு நாள் முடிந்தது.

செக்ரோலில் இன்னொரு கணக்கும் ஓடியது. ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்த கங்காணிக்கு, அவர் கூட்டிவந்த ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு உண்டு. காய்ச்சலில் படுத்தவனை ஏன் கங்காணி பாயோடு இழுத்து வெளியே போட்டான் என்று கேட்பீர்களானால், அவன் ஜாதகத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அவனுடைய காசு இவனுடைய உடம்பில் இருந்தது. சஞ்சிக்கூலி எனும் ஒப்பந்தக் கூலி முறையை மலாயாவில் 1910-ல் ஒழித்துவிட்டதாகச் சட்டம் சொல்லும். ஒப்பந்தக் கடுதாசி ஒழிந்தது உண்மைதான். கடுதாசியின் இடத்தில் கங்காணி வந்து நின்றார், சொந்தக்காரர் முகத்தோடு. 'மாமா கூப்பிடறார், போலாம்' என்று கிளம்பியவர்கள் ஏராளம்.

ரப்பர் விலை ஏறினால் ஆள் வேண்டும். விழுந்தால் ஆள் வேண்டாம். 1930-க்குப் பிறகு உலகச் சந்தை சரிந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பிக் கப்பலேற்றி இந்தக் கரையில் கொண்டுவந்து இறக்கினார்கள். விலை கொஞ்சம் தேறியதும் மறுபடி ஆள் பிடித்தார்கள். விலை இறங்கும்போது கூலியும் கூடவே இறங்கியது. ஏறும்போது கூட வரவில்லை. 1938-ல் இந்திய அரசே பொறுக்க முடியாமல், உதவித்தொகை கொடுத்து மலாயாவுக்குக் கூலியாட்கள் அனுப்புவதை நிறுத்தியது.

இனி போர். 1939-ல் ஐரோப்பாவில் சண்டை தொடங்கியதும் ரப்பர் பொன்னாகிவிட்டது. லாரிக்கும் விமானத்துக்கும் டயர் வேண்டும். அதைவிட முக்கியம், அமெரிக்கா ரப்பரை டாலர் கொடுத்து வாங்கியது. பிரிட்டனுக்கு அந்த டாலர்தான் துப்பாக்கி. தோட்ட முதலாளிகளுக்கு லாபம் கொழித்தது. விலைவாசியும் ஏறியது. பால் வெட்டுகிறவர் கூலி கேட்டார்.

1941 மார்ச்சிலிருந்து சிலாங்கூரில் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். முன்னால் நின்றவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியர். கோரிக்கைகளை நான் இங்கே முழுக்க வாசிக்கப் போவதில்லை. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு, எங்கள் பெண்களிடம் அத்துமீறாதே என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு வரி என்னைப் பல வருடமாக விடாமல் தொந்தரவு செய்கிறது. தோட்டத்துக்குள் துரையோ கிராணியோ எதிரே வந்தால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்கிற வழக்கத்தை நிறுத்து.

கூலி உயர்வுக்குப் பக்கத்தில் இதையும் எழுதியிருக்கிறார்கள். இதற்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று படித்தவர்கள் கேட்கக்கூடும். நம் ஊரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். கப்பலேறிப் போனவர்களில் பெரும்பகுதியினர் யார் என்பது இந்த அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு வழக்கத்தை விட்டுத் தப்பிக் கடல் தாண்டினால், கரையில் அதே வழக்கம் வேறு தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். ஜனங்கள் திரண்டார்கள். அரசு நெருக்கடி நிலையை அறிவித்துப் பட்டாளத்தை இறக்கியது. அந்தப் பட்டாளத்தில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். போர்க் காலத்தில் உற்பத்தியைத் தடுப்பது எதிரிக்கு உதவுவது என்பது அரசின் வாதம். போர் வந்துவிட்டால் இந்த வாதத்துக்குப் பதிலே கிடையாது. எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும். கூலி கேட்பவன் முந்தின நாள்வரை தொழிலாளி, மறுநாள் துரோகி.

ஏழு மாதம் கழித்து, டிசம்பர் 8-ம் தேதி, ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். தீபகற்பத்தின் நெடுக அவர்கள் எப்படி அவ்வளவு வேகமாக வந்தார்கள் தெரியுமா? பெருமளவு சைக்கிளில். தோட்டத்துச் செம்மண் ரோடுகளில் சைக்கிள்களில் அணி அணியாக வந்தார்கள். துரைமார்கள் காரில் ஏறித் தெற்கே ஓடினார்கள். சைக்கிளை விட்டு இறங்க மறுத்ததற்காக உதை வாங்கியவர்கள் ரோட்டோரத்தில் நின்று அதைப் பார்த்திருப்பார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது.

துரை போய்விட்டார். ரப்பரை வாங்க அமெரிக்காவும் இல்லை, ஐரோப்பாவும் இல்லை. ஜப்பானுக்கு அவ்வளவு ரப்பரை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. மரத்தில் பால் இருந்தது, வெட்ட ஆள் இருந்தது, வாங்க நாதியில்லை. அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவேண்டியது, அதுவும் நின்றது. தோட்டத்துச் சனங்கள் மரவள்ளியை நட்டுத் தின்றார்கள். துணி இல்லாமல் சாக்கைக் கட்டினார்கள். வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்பு குறைந்தது. ஆனால் செக்ரோல் இருந்தது. கிராணியும் தண்டலும் இருந்தார்கள். பெரட்டுக் களமும் அங்கேயேதான் இருந்தது.

ஜப்பானியருக்கு ஏன் ரயில் பாதை தேவைப்பட்டது? பர்மாவில் அவர்களுடைய படை நின்றது. அதற்குச் சோறும் குண்டும் கடல் வழியாகச் சிங்கப்பூரைச் சுற்றிப் போக வேண்டும். 1942 ஜூனில் மிட்வேயில் கப்பல்களை இழந்த பிறகு கடலை நம்ப முடியவில்லை. நீர்மூழ்கிகள் வேட்டையாடின. சரி, மலையைக் குடைந்து போவோம் என்று முடிவெடுத்தார்கள். வெள்ளைக்காரர்களும் அந்த வழியை முன்பே யோசித்துப் பார்த்து, ஆகாது என்று விட்டுவிட்டவர்கள்தான். காட்டுக்கும் மழைக்கும் மலேரியாவுக்கும் பயந்தார்கள். ஜப்பானியரும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். ஒரே வித்தியாசம், ஆளுக்கு விலை வைக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் போர்க் கைதிகளை இறக்கினார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுச் சிப்பாய்கள், அறுபதாயிரத்துக்கும் மேல். 1943 தொடக்கத்தில் இன்னும் வேகம் வேண்டும் என்று டோக்கியோவிலிருந்து நெருக்கினார்கள். கைதிகளின் குறிப்புகளில் அந்த மாதங்களுக்கு 'ஸ்பீடோ' காலம் என்றே பெயர்; காவலர்கள் ஓயாமல் கத்திய சொல். அப்போதுதான் மலாயாத் தோட்டங்களின் பக்கம் திரும்பினார்கள். இந்தத் தோட்டத்திலிருந்து இத்தனை பேர் என்று கணக்கு வந்தது. கிராணி செக்ரோலைத் திறந்தார்.

ஆரம்பத்தில் ஆசை காட்டினார்கள். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி, சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம். பட்டினி கிடந்த ஊரில் இதை நம்பிப் போனவர்கள் உண்டு. முதலில் போனவர்கள் திரும்பாததும் மற்றவர்கள் ஒளியத் தொடங்கினார்கள். அதன் பிறகு பிடித்தார்கள். இலவச சினிமாப் படம் என்று சொல்லிக் கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றிய கதையை மலேசியாவின் பல ஊர்களில் சொல்கிறார்கள். சில இடங்களில் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் தமிழர்கள்; மலாய்க்காரர்களும் சீனர்களும் உண்டு. ஜாவாவிலிருந்து கொண்டுவந்தார்கள். பர்மாவில் பா மாவ் அரசு 'வியர்வைப் படை' என்று தேசபக்திப் பெயர் வைத்து ஆள் திரட்டிக் கொடுத்தது. இப்படி ஆசியர்கள் மட்டும் சுமார் இரண்டு லட்சம் பேர். ஜப்பானியர் இவர்களுக்கு வைத்த பெயர் 'ரோமுஷா'. உழைப்பாளி என்று பொருள். பெயர் வைப்பதில் எந்த ராணுவமும் சோடை போனதில்லை.

சரக்கு வண்டியில், இரும்புப் பெட்டிக்குள் நின்றபடி நாலைந்து நாள் பயணம். பகலில் அடுப்பு, ராத்திரியில் குளிர். பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடை. மே மாதம் மழை பிடித்தது. கூடவே காலரா. நம் ஊர் பாஷையில் வாந்திபேதி. மூங்கில் முள் கீறினால் போதும், ஒரு வாரத்தில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் அரிக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். கைதிகளும் கூலிகளும் ஒரே பாதையில், ஒரே மழையில், ஒரே காவலர்களின் கீழ் வேலை செய்தார்கள். கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒருவர். ஆசியக் கூலிகளில் சுமார் தொண்ணூறாயிரம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு, கிட்டத்தட்ட பாதி. ஏன் இந்த வித்தியாசம்? நம் ஆள் வெயிலுக்கும் கொசுவுக்கும் பழகியவன். கணக்குப்படி அவன்தான் அதிகம் தாக்குப் பிடித்திருக்க வேண்டும்.

கைதிகள் படையாகவே வந்தார்கள். அவர்களோடு அதிகாரிகள் வந்தார்கள், டாக்டர்கள் வந்தார்கள். வியரி டன்லப் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் மூங்கிலை வைத்துக் கருவிகள் செய்து உயிர்களைக் காப்பாற்றினார். கொதிக்காத தண்ணீரைக் குடிக்காதே என்று உத்தரவு போட ஆள் இருந்தது. மலக்குழி எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்தது. முக்கியமாக, செத்தவனின் பெயர், எண், புதைத்த இடம் எல்லாவற்றையும் ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார்கள். நம் ஆட்களோ உதிரிகள். வெவ்வேறு தோட்டத்திலிருந்து வந்தவர்கள். நீ இதைச் செய், நீ அங்கே போ என்று சொல்ல அவர்களுக்குள் யாருக்கும் அதிகாரம் இல்லை. பல வருடமாகத் தோட்டம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: பெயர் கூப்பிட்டால் 'வந்தேன்' என்று சொல்வது. சங்கம் வைக்கப் போனவர்களை இரண்டு வருடத்துக்கு முன்புதான் சுட்டிருந்தார்கள். கிள்ளான் துப்பாக்கிச் சூட்டையும் சயாம் வாந்திபேதியையும் வரலாற்றுப் புத்தகங்கள் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கின்றன. எனக்கு அவை ஒரே அத்தியாயம்.

தோட்டத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் குறித்துவைத்த செக்ரோல், சயாமுக்குப் போன ஆளின் பெயரை அனுப்பும்போது எடுத்துக் கொடுத்தது. அவன் செத்தபோது குறித்துக்கொள்ள எந்தப் பேரேடும் இல்லை.

காவலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடித்தவர்களில் பலர் ஜப்பானியர் இல்லை, கொரியர்கள். கொரியா 1910-லிருந்து ஜப்பானின் காலனி. ஜப்பானியச் சிப்பாய் கொரியனை அறைவான். கொரியன் கைதியையும் கூலியையும் அறைவான். போர் முடிந்ததும் போர்க்குற்றத் தண்டனை பெற்ற கொரியர்கள் 148 பேர். 23 பேருக்குத் தூக்கு. ஜப்பானியர் என்ற கணக்கில் தண்டித்தார்கள். விடுதலையாகி வந்து உதவித்தொகை கேட்டபோது, நீங்கள் இப்போது ஜப்பானியர் இல்லையே என்று ஜப்பான் கைவிரித்தது. அடித்த கைக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தக் கைக்கும் ஒரு செக்ரோல் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நேதாஜியின் பெயரை இங்கே விட்டுவிட்டுப் போனால் நீங்கள் கேட்பீர்கள். 1943 ஜூலையில் அவர் சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய தேசிய ராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அதுவரை யாரும் அவர்களைப் பார்த்து 'நீங்கள் படை' என்று சொன்னதில்லை. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கியவர் கையில் துப்பாக்கி. அந்தப் பெருமையைக் குறைக்க எனக்கு வாய் வராது. ராணுவத்தில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்பதும் சேர்ந்ததற்கு ஒரு காரணம் என்று சேர்ந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். பர்மா போர்முனைக்குப் போனவர்கள் பயணம் செய்ததோ அதே ரயில் பாதையில். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை மூடுவது எனக்குச் சம்மதமில்லை.

போர் முடிந்தது. 1945 செப்டம்பரில் நேச நாடுகளின் குழு ஒன்று, கைதிகள் ஒளித்துவைத்த பட்டியல்களை எடுத்துக்கொண்டு பாதை நெடுகப் போய்ப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. எலும்புகளை எடுத்து மூன்று மயானங்களில் மறுபடி அடக்கம் செய்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருப்பது பெரியது. கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள். நான் அங்கே ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். புல் கத்தரித்த தரை. ஒவ்வொரு பெயருக்கும் தாழ்வான கல்லின் மேல் சாய்த்துப் பதித்த தகடு. பெயர், படைப்பிரிவு, வயது. நடுநடுவே பூச்செடி. இருபத்தொன்று, இருபத்து மூன்று என்று வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் தொண்டை அடைக்கிறது. யாருடைய பிள்ளையானால் என்ன. அந்த மரியாதை அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. எழுந்து வெளியே வந்து, நம்மவர்கள் எங்கே என்று விசாரித்தேன். ஆட்டோக்காரர் கையை விரித்து ஆற்றங்கரை, கரும்புக் காடு, மலை என்று எல்லாத் திசையையும் காட்டினார். அவர் சொன்னது சரிதான். 1990-ல் அந்த ஊரில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியிலிருந்து வந்தன.

காஞ்சனபுரியில் அந்த ரயில் பாதையின் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. 1944-ல் ஜப்பானிய ராணுவமே கட்டியது. அதில் தமிழிலும் ஒரு பலகை உண்டு. கொன்றவர் வைத்த பலகையில் நம் மொழி இருக்கிறது. மீட்டவர் கட்டிய மயானத்தில் இல்லை. நம்மவர்கள் சேர்ந்து அந்த ஊரில் நடுகல் நாட்டியது 2023-ல்தான்.

பாலத்தையும் பார்த்தேன். எல்லாச் சுற்றுலாக்காரரும் பார்க்கும் பாலம். வளைந்த வளைவுகளுக்கு நடுவே இரண்டு மட்டும் வளைவில்லாமல், கட்டமாக இருக்கும். விமானக் குண்டில் விழுந்த பகுதிக்குப் போருக்குப் பின் ஜப்பான் இழப்பீடாகச் செய்து கொடுத்தவை. இரும்புக்கு இழப்பீடு வந்துவிட்டது. பாதையின் தாய்லாந்துப் பகுதியைப் பிரிட்டன் 12½ லட்சம் பவுனுக்குத் தாய்லாந்திடம் விற்றது. 1951 சான்பிரான்சிஸ்கோ ஒப்பந்தப்படி கைதிகளுக்காக ஜப்பான் 45 லட்சம் பவுன் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் கொடுத்தது. கூலிகள் கைதிகள் இல்லையாம், அதனால் அதில் பங்கில்லை. 1967-ல் மலேசியாவோடு தனி உடன்பாடு. இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்புக்கு ஜப்பான் கொடுத்தது இரண்டு சரக்குக் கப்பல். பூங்கா ராயா, பூங்கா மெலாத்தி என்று பூப்பெயர் வைத்தார்கள். ஒன்று செம்பருத்தி, இன்னொன்று மல்லிகை.

சினிமாவைப் பற்றி இரண்டு வார்த்தை. 1957-ல் டேவிட் லீன் அந்தப் பாலத்தைக் 'குவாய் ஆற்றுப் பாலம்' என்று எடுத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; ஏழு ஆஸ்கர் வாங்கியது. இலங்கையில் கித்துல்கலவில், களனி ஆற்றங்கரையில் எடுத்தார்கள். ஆங்கிலேய அதிகாரியின் மானப் பிரச்சினைதான் படம். உண்மையில் அந்தப் பாலம் இருந்தது மே குளோங் ஆற்றில். படம் பார்த்துவிட்டு வந்த கூட்டம் 'குவாய் ஆறு எங்கே' என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், தாய்லாந்து அரசு 1960-ல் அந்தப் பகுதி ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டது. மூல நாவலை எழுதிய பியர் பூல் போருக்கு முன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். தினமும் விடியலில் பெரட்டைப் பார்த்த கண். அந்தக் கண்ணிலிருந்துதான் உலகத்துக்கு அந்தப் பாலம் கிடைத்தது. பெரட்டில் நின்றவர்கள் கிடைக்கவில்லை. தமிழில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இரண்டும் மலேசியாவில் வந்த நாவல்கள். இந்த ஊர் நூலகத்தில் இருக்கின்றனவா என்று கூட்டம் முடிந்ததும் பாருங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லுங்கள்.

போருக்குப் பிறகு தோட்டத்துக்குத் துரைமார்கள் திரும்பி வந்தார்கள். பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. மறுபடியும் டாலர் வேண்டும், மறுபடியும் ரப்பர் வேண்டும். தொழிற்சங்கம் தலையெடுத்தது. 1948-ல் மறுபடி நெருக்கடி நிலை. மலாயா முழுமைக்கும் தொழிற்சங்கத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருடம் கொரியப் போர் வந்தது, ரப்பர் விலை வானத்துக்குப் போனது. இந்த வட்டத்தை நான் இனி சுற்றிக் காட்ட வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று. 2020-ல் நாம் எல்லோரும் கொரோனாவுக்குப் பயந்து ரப்பர் கையுறை தேடினோமே, அந்த ஆண்டு மலேசியக் கையுறைச் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. தொழிற்சாலையில் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகச் சொன்னது. வேலை செய்தவர்கள் நேபாளிகளும் வங்கதேசத்தவரும். வேலைக்கு வரத் தரகருக்குக் கட்டிய கடன் அவர்கள் கழுத்தில் இருந்தது. பால் அதே மரத்துப் பால். கங்காணிக்குப் பெயர் மட்டும் ஏஜெண்டு என்று மாறியிருக்கிறது.

பேராக் மாநிலத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பிறந்த தோட்டம் இப்போது செம்பனைக் காடு. அவருக்கு நாலு வயதாக இருந்தபோது அப்பாவைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா எப்போது இறந்தார், எந்த முகாமில் இறந்தார், தெரியாது. திதி எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"லாரி வந்த அன்னிக்குத்தான் சார். பங்குனி உத்திரத்துக்கு மூணு நாளைக்கு முன்னே வந்துச்சாம். அம்மாவுக்குக் கணக்கு அதுதான் தெரியும்."

வருடா வருடம் அன்றைக்குப் படையல் போடுவீர்களா என்றேன்.

"அம்மா இருந்தவரைக்கும் படையல்னு சொல்ல விடாது. பொட்டும் அழிக்கல. அப்பாவுக்குச் சோறு எடுத்து வைக்கிறேன்னு இலையில போட்டு மூடி வைக்கும். நாங்க பசியோட சுத்திச் சுத்தி வருவோம். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பார்த்துட்டு, சரி, நீங்க சாப்பிடுங்கன்னு எடுத்துக் குடுக்கும். எழுபத்தெட்டுல அம்மா போயிருச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் படைக்கிறோம்."